நடுக்கடலில் ஒரு பல் டாக்டர்

நடந்துபோகும் மனிதர் ஒருவர் நெடுஞ்சாலையில் மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

நான் கதை விடவில்லை. பல் டாக்டரின் போனில் விரிந்திருந்த வரைபடத்தில் அப்படித்தான் தெரிந்தது. கால் எடுத்து வைக்கிற மாதிரி ஒரு குட்டி மனிதப் படம், பக்கத்தில் ஓர் அழைப்புக்குறி, அதன் வாலில் ஏழு என்ற எண். இப்போது பார்த்தால் பெட்ரோல் பங்க் அருகே இருக்கும், அடுத்த முறை பார்த்தால் மேம்பாலத்தைத் தாண்டியிருக்கும்.

"இந்த வேகத்துல நடக்கிறவருக்கு இதயத்துல அடைப்புன்னு எந்த டாக்டர் சொன்னது? அவர் இதயத்தைக் கழட்டி நமக்கு மாட்டினாத் தேவலை" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் மட்டும் முறைத்தார்.

அத்தான் துப்பறிவாளர். என் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு என்னை உதவியாளராகச் சுமக்கிறார். வண்டி ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, இவைதான் என் வேலை. கடைசி வேலையில் மட்டும் நான் கொஞ்சம் சுமார்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், இதய நோயாளிகள் பிரிவில், ஆள் இல்லாத ஒரு கட்டிலுக்கு முன்னால். அந்தக் கட்டிலில் இருக்க வேண்டியவர் பல் டாக்டரின் அப்பா, ஓய்வு பெற்ற சர்வேயர். மாலை நான்கு மணிக்கு அவருக்கு ஆபரேஷன். சர்ஜன் இன்றிரவு வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறார், திரும்ப ஒரு மாதம் ஆகும். அந்த அடைப்பு ஒரு மாதம் பொறுக்காது என்று அவரே சொல்லிவிட்டார். இந்த நிலையில் மதியம் ஒரு மணிக்குப் பிறகு பெரியவர் கம்பி நீட்டிவிட்டார்.

"செக்யூரிட்டி கழிவறை, கேன்டீன், மொட்டைமாடி எல்லாம் பார்த்துட்டாங்க சார்" என்றார் பல் டாக்டர். நாளெல்லாம் பெரிய பெரிய ஆம்பிளைகள் நாற்காலியில் அலறுவதைப் பார்த்துக் கலங்காதவர். இப்போது போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அப்புறம்தான் இந்த மேப்பைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் பின்னாலயே கார்ல துரத்திட்டுப் போறார்."

பெரியவருக்கு ஹாம் ரேடியோ பைத்தியம். அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸும், பெயருக்குப் பதிலாகச் சொல்கிற அழைப்புக்குறியும் வாங்கி, வானலையில் பொழுதுபோக்காகப் பேசுகிற கூட்டம் அது. அவர்கள் கையில் இருக்கும் செட் பேசுவதோடு நிற்காது. தான் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அவ்வப்போது தானாகவே அறிவிக்கும். உயரமான கட்டடங்களில் இருக்கிற ரிலே நிலையங்கள் அதைக் கேட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடும். கடைசியில் அது இணைய வரைபடத்தில் ஒரு படமாக வந்து உட்காரும்.

"வால்ல ஏழுன்னு இருக்கே, அது என்னம்மா?" என்றார் அத்தான்.

"கையில எடுத்துட்டுப் போற செட்டுன்னா ஏழு. கார்ல போனா ஒன்பது. அவங்களுக்குள்ள ஒரு வழக்கம் சார். படமும் அப்படித்தான். நடந்தா மனுஷன், வண்டின்னா கார். நாமதான் மாத்தணும்."

"அப்பா மாத்துவாரா?"

"மாத்துவாராவா! சீட் பெல்ட் போடறதுக்கு முன்னாடி அதைத்தான் மாத்துவார். மாத்த மறந்தவங்களை வானலையிலேயே கூப்பிட்டுத் திட்டுவார். ரேடியோ கிளப்புல அவருக்கு ஹெட்மாஸ்டர்னு பட்டப்பேரு."

அத்தான் வரைபடத்தைச் சாவகாசமாகப் பார்த்தார். "அப்போ இது நடக்கிற ஆளும் இல்ல, வண்டியில போற ஆளும் இல்ல. செட்டு மட்டும் தனியாப் போகுது."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஸ்பீக்கரில் மருமகன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளை மேனேஜர். குரலில் போர்க்களம் தெரிந்தது.

"விட்டுட்டேன்னு நினைக்காத! உங்கப்பா முதல்ல ஒரு லாட்ஜ்ல நின்னார். அப்புறம் ஒரு பியூட்டி பார்லர். அப்புறம் இன்னொரு லாட்ஜ். நான் போறதுக்குள்ள ஒவ்வொரு இடத்திலயும் கிளம்பிட்டார். என்னம்மா நடக்குது உங்க குடும்பத்துல?"

"ரெண்டு லாட்ஜ், நடுவுல பியூட்டி பார்லரா?" என்றேன். "டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க, நான் உங்கப்பாவுக்கு ரசிகனாயிட்டேன்."

அத்தான் கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "மாப்ளே, ஆஸ்பத்திரி, லாட்ஜ், பார்லர். இந்த மூணு இடத்திலயும் தினம் தினம் அழுக்காகிறது எது?"

"மனசு."

"போர்வை, துண்டு, விரிப்பு. இந்தக் கட்டிலைப் பாரு. விரிப்புல மடிப்புக்கூடக் கலையல. ஆள் காணாமப் போன பிறகுதான் மாத்தியிருக்காங்க. பழசு சலவை வண்டியில போயிடுச்சு. பெரியவர் செட்டைப் பழைய விரிப்புல சுருட்டி மூட்டையில போட்டிருக்கார். உங்க வீட்டுக்காரர் அரை மணி நேரமா அழுக்குத் துணியைத் துரத்திட்டிருக்கார்."

பல் டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அவர்கிட்டச் சொல்லிடலாமா?"

"சொன்னா திரும்பி வருவார். வந்தா?"

பல் டாக்டர் வேண்டாம் என்று தலையாட்டினார். "கத்தியே ஆஸ்பத்திரியைக் காலி பண்ணிடுவார். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் சார்."

எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப் போனது.

"ஆனா அப்பா எங்க?" அவர் கண் கலங்கியது. "மணி மூணாகப் போகுது."

அத்தான் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையைக் காட்டினார். அங்கே ஒரு சார்ஜர் இருந்தது. இரண்டு செட்டைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி வைக்கிற சார்ஜர். இரண்டு குழியும் காலி.

"ஒண்ணு சலவைக்குப் போயிடுச்சு. இன்னொண்ணு?"

"பழைய செட்டு!" என்றார் பல் டாக்டர். "அது அவர்கிட்டதான் இருக்கணும். ஆனா மேப்ல வரலையே."

"இடத்தைச் சொல்ற வேலையை அணைச்சு வெச்சிருப்பார். காதை மட்டும் திறந்து வெச்சிருப்பார். உங்களுக்கும் லைசென்ஸ் உண்டா?"

"காலேஜ் படிக்கும்போது எழுத வெச்சார். என் செட்டு கீழ நிக்கிற என் கார்ல கிடக்குது. அவர்தான் வெச்சார், எடுக்க விடமாட்டார்."

கார் சாவி என் பக்கம் பறந்து வந்தது. நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். வழியில் லிஃப்ட் வராததால் படியேறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது, நர்ஸ் ஒருத்தி என்னைத்தான் நோயாளி என்று நினைத்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

பல் டாக்டர் செட்டில் எழுத்துச் செய்தி அனுப்பினார். 'அப்பா, எங்கே இருக்கீங்க?' பதில் இல்லை. 'பயமா இருக்கு, வந்துடுங்க.' பதில் இல்லை. அவர் மூன்றாவது தடவை அடிக்கப் போனதை அத்தான் தடுத்தார்.

"கெஞ்சினா வரமாட்டார். அவரால தாங்கவே முடியாத விஷயம் ஒண்ணு சொல்லுங்க. வேலை பார்த்த காலத்துல அவருக்கு எது வந்தா தூக்கம் போயிடும்?"

"இடம் தப்பா இருந்தா. வாழ்நாள் பூரா நிலம் அளந்தவர் சார். எல்லைக்கல் ஒரு சாண் தள்ளி நட்டிருந்தா அன்னிக்குச் சாப்பாடு இறங்காது."

அத்தான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. என் அக்காவிடம் பொய் சொல்லப் போகும்போது வருகிற அதே சிரிப்பு. "இந்தச் செட்டு உங்க இடத்தைச் சொல்லுமில்ல? அதைக் கையால மாத்த முடியுமா?"

"ஜிபிஎஸ்ஸை அணைச்சுட்டு நாமளே டைப் பண்ணலாம்."

"பண்ணுங்க. எல்லா எண்ணும் சரியா இருக்கட்டும். வடக்குன்னு இருக்கிற இடத்துல மட்டும் தெற்குன்னு போடுங்க. விடாம அறிவிச்சுக்கிட்டே இருங்க."

அவர் அப்படியே செய்தார். வரைபடத்தில் பல் டாக்டரின் படம் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பி, பூமத்திய ரேகையைத் தாண்டி, கரையே கண்ணில் படாத நடுக்கடலில் போய் உட்கார்ந்தது.

"வாழ்த்துகள் டாக்டர்" என்றேன். "சுத்துவட்டாரத்துல போட்டிக்கு ஒரு கிளினிக்கூட கிடையாது. சுறாவுக்கெல்லாம் வரிசை வரிசையாப் பல்லு. தொழில் அமோகமா நடக்கும்."

செட்டு ஒரு தடவை அறிவித்தது. இன்னொரு தடவை. மூவரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தன் மகள் செத்தாலும் பிழைத்தாலும் பேசமாட்டேன் என்று ஒளிந்திருக்கிற ஒருவர் இதற்கா வாய் திறப்பார் என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பீப்.

ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்: 'வடக்கு. தெற்கு இல்லை. உடனே திருத்து.'

பல் டாக்டர் அழுதுகொண்டே சிரித்தார். "அப்பாதான்!"

"விடாதீங்க. தெற்குதான் சரின்னு அடிங்க."

அடித்தார். அவ்வளவுதான், கரை உடைத்துக்கொண்டது. பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'நீ கடலில் நிற்கிறாய்.' 'உலகமே பார்க்கும்.' 'பரீட்சையில் எப்படிப் பாஸ் பண்ணினாய்?' மகள் பிடிவாதமாகத் தெற்கிலேயே நின்றார்.

"இந்தப் பதிலெல்லாம் எந்த ரிலே வழியா வருது?" என்றார் அத்தான். "அதுவும் திரையில தெரியுமில்ல?"

பல் டாக்டர் பார்த்தார். மறுபடி பார்த்தார். "ரிலே பேரே இல்ல சார். நேரடியா வருது. சிக்னல் கோடு எல்லாம் முழுசா நிக்குது."

"இத்தனை கான்கிரீட் சுவருக்கு நடுவுல முழுசா?"

"அப்படின்னா..." அவர் மேல்தளத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊரையே நெடுஞ்சாலைக்கு அனுப்பிட்டு இந்தக் கட்டடத்துக்குள்ளயே உட்கார்ந்திருக்கார்" என்றார் அத்தான். அவர் குரலில் மரியாதை இருந்தது. "ஆனா எந்த மூலையில?"

அந்தக் கேள்விக்குப் பெரியவரே பதில் சொன்னார். வானலைக்காரர்களுக்கு ஒரு நாகரிகம் உண்டாம். பேச்சு நடுவில் எழுந்து போவதானால் சொல்லாமல் போகமாட்டார்கள். எதற்குப் போகிறோம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சண்டைக்கு நடுவிலும் அவர் அந்த முறையை விடவில்லை. செட்டு பீப் என்றது.

'பொறு. கையில் குழந்தை.'

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நெஞ்சு வலின்னு படுத்த மனுஷனுக்கு மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல குழந்தையா?" என்றேன். "அந்த லாட்ஜ் விஷயத்தை நாம இன்னும் கொஞ்சம் விசாரிச்சிருக்கணும் அத்தான்."

"பிரசவப் பிரிவு எந்த மாடி?" என்றார் அவர். பல் டாக்டர் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தார்.

மூன்றாவது மாடி. பிரசவ அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றிலும் சொந்தக்காரர்கள். மூலை நாற்காலியில், ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட மணிக்கட்டு அட்டையை முழுக்கைச் சட்டையால் மறைத்துக்கொண்டு, பிறந்து அரை மணி நேரம்கூட ஆகாத ஒரு குழந்தையை மடியில் வைத்தபடி ஒரு பெரியவர். பக்கத்தில் அவர் வாய் வைக்காத டீ. ஒரு பெண் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "தாத்தா வந்த நேரம், சுகப்பிரசவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று நினைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டுப் பெரியவர் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு உபசரித்திருக்கிறது. பதற்றமாகக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரை யாரும் எதுவும் கேட்காத இடம் உலகத்தில் இது ஒன்றுதான். நான் மனசுக்குள் கைதட்டினேன்.

"தெற்குன்னு போட்டது வலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் பெரியவர், மகளைப் பார்த்ததும். "தெரியும். ஆனா பெத்த பொண்ணு நடுக்கடல்ல நிக்கும்போது எப்படிச் சும்மா இருக்கிறது? முதல்ல அதைத் திருத்து."

"அப்பா!" பல் டாக்டர் வெடித்தார். சொந்தக்காரக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "நாலு மணிக்கு ஆபரேஷன். விட்டா ஒரு மாசம். அதுவரைக்கும் தாங்காதுன்னு சொல்லியாச்சு. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே? இப்படியா ஓடுவாங்க?"

"பயம் இருக்கு. இல்லைன்னு சொல்லல. ஆனா நான் பயந்து ஓடல."

"அப்புறம்?"

பெரியவர் டீ கப்பைத் தள்ளி வைத்தார். அதுவரை இருந்த குறும்பு முகத்திலிருந்து போய்விட்டது.

"காலையில டாக்டர் வந்தார். ஆபரேஷனை உன்கிட்ட விளக்கினார். நீ உன் புருஷன்கிட்ட விளக்கின. அவர் போன்ல அவங்க அண்ணன்கிட்ட விளக்கினார். அண்ணன் சரின்னாராம், உன் புருஷன் கையெழுத்துப் போட்டார். நான் நடுவுல படுத்திருந்தேன். என் தலைக்கு மேலயே எல்லாம் நடந்து முடிஞ்சுது. ஒரு நர்ஸ் மட்டும் என்கிட்டப் பேசினா. பல் செட்டு வெச்சிருக்கீங்களான்னு கேட்டா."

பெரியவர் மகள் பக்கம் திரும்பினார்.

"ரேடியோவுல நாங்க, சேனல் காலியாத்தான் இருக்குன்னு நல்லாத் தெரிஞ்சாலும், பேசுறதுக்கு முன்னாடி கேப்போம். 'யாராவது இருக்கீங்களா'ன்னு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேப்போம். யாருமே இல்லாத காத்துக்குக் குடுக்கிற மரியாதை அது. இது என் நெஞ்சும்மா. நான் இதுக்குள்ள இருக்கேன். திறக்கலாமான்னு ஒருத்தரும் கேக்கல."

அத்தான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் அவசரப்படுத்தவில்லை. மூன்றரை ஆகியிருந்தது.

பல் டாக்டர் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் கிளினிக்கில் நோயாளியிடம் பேசுகிற மாதிரி, நிதானமாக ஆரம்பித்தார்.

"அப்பா. உங்க இதயத்துல மூணு இடத்துல அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் சரி பண்ண முடியும். பெரும்பாலும் நல்லபடியா முடியும்னு சொல்றாங்க. முடியாமலும் போகலாம். பண்ணலேன்னா அதிக நாள் இல்ல. பண்ணலாமா?"

கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு குழந்தை அழுதது. இந்தப் பக்கம் ஒரு குடும்பம் மொத்தமாக எழுந்து நின்றது.

"இதைக் காலையிலேயே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சுப்பா."

அவர் மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "சரி. பண்ணலாம். அந்தச் சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லு. நடந்து நடந்து அலுத்துப் போச்சு."

லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது மருமகன் மறுபடி போனில் வந்தார். பின்னணியில் மெஷின் ஓடும் சத்தம்.

"வளைச்சுட்டேன்! ஏதோ சலவைக் கம்பெனி. உங்கப்பா ஒரு மூட்டைக்குள்ள இருக்கார். கூப்பிட்டாப் பதில் இல்ல. இவங்க மூட்டையோட மெஷின்ல போடறேங்கறாங்க. நான் குறுக்க விழுந்து தடுத்துட்டிருக்கேன்!"

பெரியவர் போனைக் கையில் வாங்கினார். "மாப்பிள்ளை, நான்தான் பேசுறேன். நல்ல காரியம் பண்ணீங்க. உள்ள என் செட்டு இருக்கு, தண்ணி படாம எடுத்துட்டு வாங்க. கார்ல வர்றதால அந்தப் படத்தை மாத்தணும்." சற்று யோசித்தார். "வேண்டாம், எதையும் அமுக்காதீங்க. உங்களுக்கு லைசென்ஸ் கிடையாது."

அந்தப் பக்கம் மருமகன் மூட்டையை அவிழ்க்கச் சொல்லிக் கத்துவது கேட்டது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குப் போனபோது சர்ஜன் முகமூடியோடு தயாராக நின்றிருந்தார். கோபத்தில் இருந்தார் என்பது கண்ணிலேயே தெரிந்தது. பல் டாக்டர் அவர் அருகே போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சர்ஜன் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு முகமூடியைக் கீழே இறக்கினார். சக்கர நாற்காலிக்குச் சமமாகக் குனிந்தார்.

"ஐயா, தப்பு என்மேலதான். காலையிலேயே உங்ககிட்ட கேட்டிருக்கணும். உங்களுக்கு ஆபரேஷன் பண்ணலாமா?"

பெரியவர் அவரைக் கொஞ்ச நேரம் காக்க வைத்தார். அந்தக் காத்திருப்பை அவர் முழுசாக அனுபவித்தார் என்று நான் சத்தியம் செய்வேன்.

"பண்ணுங்க" என்றார்.

கதவு மூடியது. பல் டாக்டர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரை உட்கார வைக்கலாம் என்று நான் போவதற்குள் கதவு படாரென்று திறந்தது. உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள். பல் டாக்டர் கதவருகே பாய்ந்தார்.

"என்னாச்சு? அப்பாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க. ஊசி போட விடமாட்டேங்கிறார். கையை இழுத்து வெச்சுக்கிட்டார். சர்ஜன் கேட்டது சர்ஜனுக்காம், மயக்க மருந்து டாக்டர் தனியாக் கேக்கணுமாம்."

"அப்போ கேக்கச் சொல்லுங்க!" என்றார் பல் டாக்டர், உள்ளே இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி.

நர்ஸ் கதவைப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள். உள்ளே ஒரு குரல் மரியாதையாக ஏதோ கேட்டது. அதற்குப் பெரியவர் சரி என்று சொன்னது எங்கள் மூன்று பேர் காதிலும் தெளிவாக விழுந்தது.